சபைக்கா, சபாவுக்கா?

மார்கழி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றின் மாலையில், ஆதம்பாக்கத்திலிருந்து நங்கநல்லூர்ப் பக்கம் போகும் ஷேர் ஆட்டோவில் ஏறி உட்கார்ந்திருந்தேன். ஓட்டுநர் புறப்படுமுன் எல்லாரையும் இறங்குமிடம் கேட்டுக்கொண்டு வந்தார். பட்டுப்புடவையும் தோளில் சால்வையுமாக இருந்த மாமி, "சபாவுக்குப்பா" என்றார். மடியில் தோலுறையிட்ட விவிலியம் வைத்திருந்த அக்கா, "சபைக்குண்ணே" என்றார். ஓட்டுநருக்கு ஒரு குழப்பமும் இல்லை. மாமியைக் கச்சேரி நடக்கும் இடத்திலும் அக்காவை ஜெபக்கூட்டம் நடக்கும் இடத்திலும் இறக்கிவிட வேண்டும் என்று அவருக்குத் தெரியும். அவர் முன்னால் மாட்டியிருந்த கைப்பேசியில் ஓடிய செய்தி, பேரவை கூடப்போகும் நாளை அறிவித்துக்கொண்டிருந்தது. குழப்பம் எனக்குத்தான். சபா, சபை, பேரவை என்று மூன்று குரல்கள் மூன்று இடங்களைச் சொல்கின்றன. மூன்றும் ஒரே சொல்.

அந்த வாரம் முழுவதும் என் மனம் இந்தச் சொல்லையே சுற்றிக்கொண்டிருந்ததற்குக் காரணம் உண்டு. மொழிபெயர்ப்பாளரான நண்பர் ஒருவர், நியூயார்க் நகரத்துக் கட்டடம் ஒன்றைப் பற்றிய கட்டுரையைத் தமிழாக்கிக்கொண்டிருந்தார். "பழைய லாட்ஜ் ஒன்று நாடக அரங்கமாக மாறியது" என்று ஒரு வரி எழுதினார். படித்துப் பார்த்த அவர் மனைவி, "திருவல்லிக்கேணியில இருக்கிற லாட்ஜ் மாதிரியா? அங்கே நாடகம் போட இடம் ஏது, கட்டில் போடவே இடமில்லையே!" என்று கேட்டாராம். நண்பர் தொலைபேசியில் என்னை அழைத்து, சகோதரத்துவ சங்கத்தார் கூடும் கட்டடத்துக்குத் தமிழில் என்ன பெயர் என்று கேட்டார். சட்டென்று விடை சொல்லத் தெரியாமல் இரண்டு நாள் அவகாசம் வாங்கினேன். இரண்டு நாள் இரண்டு மாதமாயிற்று. சொல்லின் பின்னால் போகிறவர்களுக்கு இது புதிதன்று. வாசகரே, உங்களுக்கும் இந்த நோய் இருக்கும் என்ற துணிவில்தான் எழுதுகிறேன்.

முதலில் 'லாட்ஜ்' என்ற சொல்லையே உரித்துப் பார்ப்போம். பழைய பிரெஞ்சில் அது 'லோஜ்'. அதற்கும் முன்னே பிராங்கியர் பேசிய செருமானியக் கிளைமொழியில், இலைதழைகளால் வேய்ந்த நிழற்குடிலைக் குறித்த சொல். ஆங்கிலத்து 'லீஃப்' இலையும் செருமானியத்து 'லவ்ப்' தழையும் இதற்கு உறவு. காட்டில் நாலு கொம்பு நட்டு மேலே தழை போட்டால் அது லாட்ஜ். இராமகாதை நமக்குப் பழக்கிய பன்னசாலை என்ற சொல்லுக்கு இதைவிட நெருங்கிய ஐரோப்பிய உறவு கிடைக்காது. இந்த ஒரு தழைக்குடிலிலிருந்து கிளைத்த சொற்கள் பல. இத்தாலியக் கட்டடங்களின் திறந்த தாழ்வாரம் 'லோஜியா'. இடைக்கால இலத்தீன் வழியாக வந்த 'லாபி', முதலில் மடங்களின் மூடிய நடை, இன்று நட்சத்திர ஓட்டலின் முன்கூடம், சட்டமன்றத்தின் வெளிக்கூடம். பிரெஞ்சு நாடக அரங்கில் செல்வர் தனியே அமர்ந்து பார்க்கும் மாடத்துக்கு இன்றும் 'லோஜ்' என்றே பெயர். ஆக, லாட்ஜ் அரங்கமாவது மொழிக்குப் புதுமை அன்று. சொல் ஏற்கெனவே அரங்கத்துக்குள் நுழைந்து மாடத்தில் உட்கார்ந்துவிட்டது, கட்டடம்தான் பிந்தி வந்தது.

தழைக்குடிலுக்கும் சகோதரத்துவத்துக்கும் முடிச்சுப் போட்டவர்கள் கொத்தனார்கள். ஐரோப்பாவில் மாபெரும் தேவாலயங்கள் எழும்பிய காலத்தில், கட்டடத்தின் ஓரத்தில் கல்தச்சர்கள் ஒரு சாய்ப்புப் போட்டுக்கொண்டு அதில் கல் செதுக்கினார்கள், உண்டார்கள், பகலில் சற்றே கண்ணயர்ந்தார்கள், தொழில் நுட்பங்களை அந்நியர் காதுபடாமல் பேசிக்கொண்டார்கள். அந்தச் சாய்ப்புத்தான் லாட்ஜ். காலப்போக்கில் சாய்ப்பின் பெயர் அதற்குள் கூடும் ஆட்களுக்கு ஆகிவந்தது. நம் இலக்கணத்தில் இடவாகுபெயர் என்பார்களே, அதுவேதான். பிறகு கல்லுளியைக் கையால் தொட்டறியாத கனவான்கள் கொத்தனாரின் கருவிகளையும் மறைமொழியையும் அடையாளமாக எடுத்துக்கொண்டு ஃப்ரீமேசன் என்ற பெயரில் கூடினார்கள். 1717இல் லண்டன் லாட்ஜுகள் நான்கு சேர்ந்து முதற் பேரமைப்பைத் தோற்றுவித்தது ஒரு மதுக்கடையில். கோயில் கட்டியவர்களின் சொல் குடிப்பவர்களின் கூடத்தில் முடிசூடியது என்று நான் சொன்னால் அச்சங்கத்தார் வருந்தக்கூடும்; அவர்களில் பலர் நல்லவர்கள், அறச்செயல்களுக்குக் கொடுத்தவர்கள்.

அதே நூற்றாண்டிலேயே அவர்கள் சென்னைக்கும் வந்துவிட்டார்கள். ஆர்க்காட்டு நவாபின் மகன் உம்தத்துல் உமரா 1770களில் திருச்சிராப்பள்ளியில் தீக்கை பெற்றார். இந்திய அரச குடும்பத்தாரில் அவ்வட்டத்துள் நுழைந்த முதல்வர் அவர். மெரினா கடற்கரைச் சாலையில் வெள்ளை வெளேரென்று தூண்கள் நிற்கும் காவல்துறைத் தலைமையகத்தை எத்தனையோ முறை கடந்து போயிருப்பீர்கள். அது 1839இல் ஃப்ரீமேசன் லாட்ஜாக எழுந்த கட்டடம். 'முழுமையான ஒருமனம்' என்று பொருள்படும் பெயர் கொண்ட லாட்ஜ் அது. பின்னால் காவல்துறை அதை வாடகைக்குப் பிடித்து, 1874இல் விலைக்கே வாங்கிவிட்டது. மறை காப்பவர்கள் வீடு மறை துப்பறிபவர்கள் வீடாயிற்று! பிரிட்டிஷார் ஊர்களில் இருந்த இத்தகைய கட்டடங்களை வட இந்தியப் பொதுமக்கள் 'ஜாதூகர்', அதாவது மாயவித்தை வீடு, என்றார்கள். கதவு சாத்திய இடத்தைப் பற்றிக் கற்பனை செய்வதில் மக்கள் எந்த நாட்டிலும் சளைத்தவர்கள் அல்லர். சென்னை லாட்ஜுகளுக்கு இப்போதுள்ள எழும்பூர்க் கூடம் 1925இல் கட்டியது.

ஆனால் தமிழ், லாட்ஜ் என்ற சொல்லை இந்தக் கனவான்களிடமிருந்து வாங்கிக்கொள்ளவில்லை. ரயிலடியில் 'போர்டிங் அண்ட் லாட்ஜிங்' பலகையிலிருந்து எடுத்துக்கொண்டது. ஆகவே நமக்கு லாட்ஜ் என்றால் தங்குமிடம். அதுவும் உயர்ந்த தங்குமிடம் அன்று. அந்தக் காலத்தில் சங்கத்து உறுப்பினர் ஒருவர் வீட்டில் "லாட்ஜுக்குப் போய்வருகிறேன்" என்று அறிவித்துவிட்டுப் போயிருந்தால், வீட்டம்மா என்ன நினைத்திருப்பார் என்று எண்ணிப் பாருங்கள். 'கிளப்' பட்ட பாடும் இதுவே. துரைமார்கள் தங்களுக்குள் கூடிக்கொள்ள வைத்த பெயரை நாம் எடுத்துக் காபி கிளப் ஆக்கினோம். தென்மாவட்டங்களில் அது கிளப்புக்கடையாகி இட்டலியும் வடையும் விற்றது. வெள்ளையர் கொண்டுவந்த சகோதரத்துவச் சொற்கள் இரண்டில் ஒன்றை வயிற்றுக்கும் மற்றொன்றை முதுகுக்கும் ஒதுக்கிக்கொண்டது தமிழ். இதை நான் குறையாகச் சொல்லவில்லை. கல்தச்சரின் சாய்ப்பில் முதலில் நடந்தவையும் உணவும் உறக்கமும்தானே. சொல் தன் ஊருக்குத் திரும்பியது என்றுகூடச் சொல்லலாம்.

தமிழுக்கு இந்த வேலைக்கென்று வேறொரு சொல் முன்னமே இருந்ததுதான் உண்மைக் காரணம். அதுதான் ஆட்டோவில் மூன்று உருவத்தில் என் காதில் விழுந்த சொல்.

வடமொழியில் 'ஸபா'. நெடுங்காலத்துக்கு முன்பே தமிழுக்குள் வந்தபோது அதற்குச் சகரமும் பொருந்தவில்லை, ஒலிப்புடைப் பகரமும் பொருந்தவில்லை. பகரம் வகரமாக மெலிந்தது, சகரம் தலையிலிருந்து உதிர்ந்தது, ஆகாரம் ஐகாரமாகக் குறுகியது. எஞ்சியது 'அவை'. இத்தனை தேய்ந்த சொல்லை வந்தேறி என்று எவரும் அடையாளம் காண முடியாது; தனித்தமிழ் அன்பர்கள் இதைத் தமிழ் வேரினின்றே பிறந்தது என்று வாதிடுவதற்கும் அதன் அழகே காரணம். சங்கப் பாட்டில் வழங்கியது, திருக்குறளில் அவையறிதல், அவையஞ்சாமை என இரண்டு அதிகாரங்களுக்குத் தலைப்பாயிற்று, காப்பியத்துக்கு முன் புலவன் தலைதாழ்த்தும் அவையடக்கம் ஆயிற்று. பிறகு இன்னொரு காலத்தில், ஒலிக்கு அவ்வளவு அஞ்சாத தமிழில் அதே சொல் மறுபடி வந்தது. இந்த முறை சகரமும் பகரமும் நிலைத்தன. ஈற்று ஆகாரம் மட்டும், கங்கா கங்கையாகவும் மாலா மாலையாகவும் ஆனதுபோல, நன்னூலார் காட்டிய வழியே ஐகாரமாகிச் 'சபை' ஆயிற்று. மூன்றாம் முறை, பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில், மயிலாப்பூரும் திருவல்லிக்கேணியும் ஆங்கிலம் படித்துக்கொண்டிருந்த காலத்தில், எந்த இலக்கணத்துக்கும் கட்டுப்படாமல் வடமொழி ஈற்றோடேயே வந்து குந்திக்கொண்டது 'சபா'. ஒரே விருந்தாளி மூன்று முறை வந்து, ஒவ்வொரு முறையும் வேறு அறையில் தங்கினார். வீட்டார் மூவர் என்றே எண்ணிவிட்டோம்.

அறைகள் ஒன்றோடொன்று கலக்காமல் இருப்பதுதான் வியப்பு. நாடாளுமன்றத்து லோக் சபாவை நாம் மக்களவை என்கிறோம், ராஜ்ய சபாவை மாநிலங்களவை என்கிறோம். சட்டம் செய்வோருக்கு அவை. அவர்களுக்குத் தலைமை தாங்குபவரை மட்டும் நெடுங்காலம் சபாநாயகர் என்றோம். தில்லையில் ஆடும் பெருமானுக்கும் அதுவே பெயர் என்பதை நினைத்தால், அமளி மிகுந்த கூட்டத்தொடரில் அந்த நாற்காலியில் இருப்பவர் ஒற்றைக்காலில் நிற்பது போலத் தோன்றும். அறிஞர் கூடினால் சபை. 1928இல் தோன்றிய மியூசிக் அகாடமியின் தமிழ்ப் பெயர் சங்கீத வித்வத் சபை. அங்கே காலையில் வித்துவான்கள் இலக்கணம் பேசுகிறார்கள் என்பதால் ஐகாரம். மாலையில் ரசிகர்கள் சீட்டு வாங்கி உட்காரும் இடங்களோ கிருஷ்ண கான சபா, நாரத கான சபா, எல்லாம் ஆகாரம். ஓரெழுத்து ஈறு, ஆராய்வோரையும் அனுபவிப்போரையும் பிரித்து வைக்கிறது. பள்ளிப்பிள்ளைக்கு வருவது சபைக்கூச்சம், சபாக்கூச்சம் அன்று. கல்யாண வீட்டில் பெரியவர் பார்ப்பது சபை மரியாதை. அங்கே ஆகாரத்துக்கு வேலையில்லை.

இடையில் ஓர் எச்சரிக்கை. நல்ல நிரவலுக்கு ரசிகர் கொடுக்கும் 'சபாஷ்' இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததன்று. அது 'மகிழ்ந்திரு' என வாழ்த்தும் பாரசீகம். சபாவில் அதிகம் கேட்பதால் மட்டும் உறவாகிவிடாது. ஒலியொப்புமை சொல்லாராய்ச்சிக்காரனுக்குப் பொய்மான்.

வடமொழி 'ஸபா'வின் வேரைத் தேடியவர்கள் பலர் அதைச் செருமானிய மொழிகளின் உறவுச் சொல்லோடு இணைக்கிறார்கள். கோதிய மொழியில் 'சிப்ய' என்றால் இரத்த உறவு; செருமானியத்தில் 'சிப்பே' சுற்றத்தார்; ஆங்கிலத்தில் உடன்பிறப்பைக் குறிக்கும் 'சிப்லிங்' அதன் பேர்த்தி. அப்படியானால் சபை என்பதன் அடியில் கிடப்பது கூடமும் அன்று, மேடையும் அன்று, உடன்பிறந்தார் கூட்டம். சகோதரத்துவம் என்று தேடி அலைந்த பொருள் சொல்லின் கருவிலேயே இருந்திருக்கிறது! இந்தக் குடும்பத்தில் குறும்புக்கார உறவும் ஒன்று உண்டு. ஞானத்தந்தை ஞானத்தாயரைக் குறித்த 'காட்-சிப்' என்ற ஆங்கிலத் தொடர், நெருங்கியவர்கள் பேசும் பேச்சைக் குறித்து, கடைசியில் 'காசிப்' ஆகி வம்பைக் குறிக்கிறது. டிசம்பரில் சபா கேன்டீனில் கீரை வடையோடு பரிமாறப்படும் வம்புக்கு இதைவிடக் கௌரவமான குலமுறை வேண்டுமா?

வம்பு மட்டுமன்று, சூதும் உண்டு. ரிக் வேதத்துச் சூதாடி, இன்று வெல்வேன் என்ற நினைப்போடு போய்ச் சேருமிடம் சபை. பாரதத்தில் பகடை உருண்டதும் அங்கேதான். அந்தப் பகுதிக்குப் பெயரே சபா பருவம். தமிழில் இதே விதி பட்ட சொல் கழகம். வள்ளுவர் சூது அதிகாரத்தில் கழகம் என்னும்போது அவர் கண்முன் இருப்பது சூதாடுகளம். அதே நூலில் அவை சான்றோர்க்கு உரியது. இன்றோ கழகம் பல்கலைக்கழகமாகிப் பட்டம் கொடுக்கிறது; நூற்பதிப்புக் கழகமாகி அந்தத் திருக்குறளையே அச்சிடுகிறது. சொற்களுக்கும் மறுவாழ்வு உண்டு, அதற்கு விண்ணப்பம் போட வேண்டியதில்லை.

சபைக்குக் கூத்துப் பொருள் எப்போது வந்தது என்று கேட்டால், ஆகாரச் சபாவுக்கு மிக முன்பே என்பதே விடை. ஆடல்வல்லானுக்கு ஐந்து சபைகள் சொல்வது நம் மரபு: தில்லையில் பொன், மதுரையில் வெள்ளி, திருநெல்வேலியில் தாமிரம், குற்றாலத்தில் சித்திரம், திருவாலங்காட்டில் இரத்தினம். உடன்பிறந்தார் கூடிய இடம் ஒருவன் ஆடுமிடமாயிற்று. பார்க்கிறவர்களும் ஆடுகிறவரும் சேர்ந்தால்தான் சபை என்ற நுட்பம் அதில் இருக்கிறது. வள்ளலார் 1865இல் சன்மார்க்க சங்கம் கண்டு, 1867இல் வடலூரில் தருமசாலை வைத்து, 1872இல் சத்திய ஞான சபை எழுப்பினார். கூட்டுறவுக்குச் சங்கம், சோற்றுக்குச் சாலை, ஒளிக்குச் சபை என்று மூன்று சொற்களையும் அவர் பிரித்தாண்ட துல்லியத்தைப் பாருங்கள். லாட்ஜ், கிளப் என்று நாம் பின்னால் குழப்பிக்கொண்டதை அவர் முன்பே தெளிவாக்கி வைத்திருந்தார். கிறித்தவர்கள் திருச்சபை என்றார்கள். ஆட்டோவில் வந்த அக்காவின் சபை அந்த வழியில் வந்தது, அதில் சகோதரரே, சகோதரியே என்று அழைத்துக்கொள்வது இன்றும் நிற்கவில்லை.

சகோதரத்துவத்தைத் தன் முதல் நோக்கமாகவே எழுதி வைத்துக்கொண்ட இன்னொரு சபை அடையாற்றில் இருக்கிறது. 1875இல் நியூயார்க்கில் பிறந்து, 1882இல் அடையாற்றங்கரையில் தோட்டமொன்றை வாங்கிக் குடியேறிய தியாசஃபிகல் சொசைட்டியைத் தமிழர் பிரம்மஞான சபை என்றார்கள். அதன் கிளைகளுக்கு ஆங்கிலத்தில் பெயர் என்ன தெரியுமா? லாட்ஜ்! ஊர்தோறும் அதன் லாட்ஜுகள் இருந்தன. ஆக, லாட்ஜும் சபையும் ஒரே படியில் ஏறி நின்ற இடம் நம் தென்சென்னைதான். அந்தச் சபையின் வைரவிழா மாநாட்டில், 1935 டிசம்பரில், ருக்மிணி தேவி பொதுமேடையில் ஆடினார். பரதநாட்டியத்தை அப்படி ஒரு குடும்பப்பெண் ஆடியது ஊருக்கு அதிர்ச்சி. அடுத்த சில நாள்களில், 1936 ஜனவரியில், அதே வளாகத்து மரநிழலில் கலைப்பள்ளி தொடங்கியது. பிறகு கலாக்ஷேத்திரம் என்ற பெயர் பெற்றுத் திருவான்மியூருக்குப் போனது. சகோதரத்துவச் சபை கலைச்சபையாவதற்கு நூறாண்டு காத்திருக்க வேண்டியதில்லை, சில நாள்களே போதும் என்று அங்கே தெரிந்தது.

எதிர்த்திசைப் பயணமும் சென்னையில் நடந்திருக்கிறது. பம்மல் என்ற ஊர்ப்பெயரைத் தாங்கிய சம்பந்த முதலியார் 1891இல் சுகுண விலாச சபாவைத் தொடங்கினார். பம்மல் எங்கள் பக்கத்துக்கு அந்நியமன்று. பரங்கிமலையைத் தாண்டிப் பல்லாவரத்தை ஒட்டிய ஊர். சென்னையில் ஆகார ஈற்றுச் சபாவுக்குப் பெருமை சேர்த்த முதற்பெயர்களில் இதுவும் ஒன்று. நற்குணத்தின் விளையாட்டுச் சபா என்று பெயரைப் பிரிக்கலாம். கூத்தாடிகள் என்று ஊர் இகழ்ந்த தொழிலைப் படித்தவர்கள் கையிலெடுத்தபோது, 'சுகுணம்' என்ற சொல்லைக் கவசமாகப் போட்டுக்கொண்டார்கள் போலும். வழக்கறிஞர்களும் அலுவலர்களும் பகலில் வழக்காடிவிட்டு இரவில் வேடம் போட்டார்கள். பின்னாளில் அரசியலில் புகழ்பெற்ற சத்தியமூர்த்தியும் அந்த மேடையேறியவர். விக்டோரியா பொதுக்கூடத்தில் நாடகம் நடத்திய அந்தச் சபா பிறகு மவுண்ட் ரோட்டுக்கு இடம்பெயர்ந்தது, நாடகம் மெல்ல ஓய்ந்தது. இன்று அது எஸ்.வி.எஸ். கிளப், உறுப்பினர்கள் கூடிப் பொழுதுபோக்கும் இடம். பெயரில் இருந்த மூன்று சொற்களும் மூன்று ஆங்கில எழுத்துகளாகச் சுருங்கிவிட்டன. கலைச்சபா சகோதரக் கூட்டமாயிற்று என்று சொல்லி நான் வருத்தப்படத் தொடங்கும்போதே, 'ஸபா'வின் வேர்ப்பொருள் குறுக்கிட்டு, அது வீட்டுக்குத் திரும்பியிருக்கிறது, உனக்கென்ன வருத்தம் என்று கேட்கிறது.

நண்பரைத் திணறடித்த நியூயார்க் கட்டடத்துக்கு வருகிறேன். ஃப்ரீமேசன்களோடு தொடர்புடைய ஷ்ரைனர் என்ற சங்கத்தார், மேற்கு 55ஆம் தெருவில் குவிமாடமும் அரபுப் பாணி வேலைப்பாடுமாக ஒரு கூடம் கட்டி, 1924இல் முடித்து, 'மெக்கா டெம்பிள்' என்று பெயரிட்டார்கள். மெக்காவில் கோயில் என்று ஒன்றைக் கேட்டாலே நமக்குத் தலை சுற்றும். சொற்களின் பொருளை விட்டுவிட்டு ஒலியின் பகட்டை மட்டும் எடுத்துக்கொள்பவர்கள் நம் ஊரில் மட்டும் இல்லை என்பதில் எனக்கு ஓர் ஆறுதல். 1929இன் பொருளாதார வீழ்ச்சிக்குப் பின் சங்கத்தாரால் வரி கட்ட முடியவில்லை. கட்டடம் நகராட்சியின் கைக்குப் போயிற்று. இடித்துவிடலாம் என்ற பேச்சைத் தாண்டி, மேயர் லகார்டியா 1943 டிசம்பரில் அதைக் குறைந்த கட்டணத்தில் எல்லாரும் நாடகமும் இசையும் ஆடலும் பார்க்கும் இடமாகத் திறந்துவைத்தார். நியூயார்க் சிட்டி பாலே 1948இல் உருவானது அங்கேதான். மெக்காவும் போயிற்று, டெம்பிளும் போயிற்று. 'சிட்டி சென்டர்' என்ற வெறும் நகர மையம் நிலைத்தது. பெயரின் பகட்டு உதிர்ந்த பிறகுதான் கட்டடத்துக்குள் கூட்டம் வந்தது என்பது என் கணிப்பு.

இப்படி மாறிய கட்டடத்துக்குத் தமிழ்ப்பெயர் என்ன? கையிருப்பைப் பார்த்தேன். கொட்டகை என்றால் பொருந்தும். கொட்டில், கொட்டாரம் என்ற சொற்களோடு சேர்த்து இதைத் தமிழினக் குடும்பம் என்பாரும், ஆநிரை அடைக்கும் 'கோஷ்டம்' என்ற வடசொல்லின் திரிபு என்பாரும் உண்டு. எப்படியானாலும் மாட்டுக்கு நிழல் தந்தது நாடகத்துக்கு நிழல் தந்து, சென்னை வாயில் கொட்டாயாகிச் சினிமாவையும் தாங்கியது. தருமபுரிப் பக்கம் கொட்டாய் என்று முடியும் ஊர்களே இருக்கின்றன. கோஷ்டத்திலிருந்து பிறந்த 'கோஷ்டி' என்ற சொல்லோ, மாடுகள் கூடுமிடம் மனிதர் கூடும் கூட்டமாகி, பஜனைக் கோஷ்டியாகவும் அரசியலில் கோஷ்டிப் பூசலாகவும் வாழ்கிறது. மன்று என்ற நம் சொந்தச் சொல்லுக்கும் ஊர்ப்பொது, தில்லைக்கூத்தன் ஆடுமிடம், வழக்குத் தீர்க்குமிடம் ஆகிய பொருள்களோடு பசுத்தொழு என்ற பொருளையும் அகராதி தருகிறது. மாடு கட்டிய இடத்தில் மனிதர் கூடி, மனிதர் கூடிய இடத்தில் கூத்தாடி, கூத்தாடிய இடத்தைக் கோயிலாக்கியிருக்கிறார்கள். ராஜா அண்ணாமலை மன்றத்தின் குளிரூட்டிய இருக்கையில் சாயும்போது இந்தத் தொழுவத்து வாசனை சற்றே மூக்கில் படாமல் இருப்பதில்லை எனக்கு.

ஆனாலும் கொட்டகையில் கூரை இருக்கிறது, கூட்டத்தின் உறவு இல்லை. மன்றத்தில் உறவு இருக்கிறது, ஆனால் இன்று அது நடிகரின் ரசிகர் மன்றத்துக்குப் போய்விட்டது. கடைசியில்தான் அம்பலம் என்ற சொல் கண்ணில் பட்டது.

அம்பலம் தமிழில் ஊரார் கூடும் பொது இடம். ஏழை சொல் அம்பலம் ஏறாது என்று நாம் சொல்லும் அம்பலம் அதுவே. சிவகங்கைப் பக்கத்து அம்பலக்காரர் அதன் தலைவர். தில்லையில் அது பொன்னம்பலம், ஆடரங்கு. கனகசபை என்ற தொடரின் நேர் தமிழ். மலையாளத்தில் அம்பலம் என்றால் கோயில். பாக்கு நீரிணையைத் தாண்டிச் சிங்களத்தில் 'அம்பலம' என்றால் வழிப்போக்கர் மூட்டையை இறக்கிவைத்து இரவு தங்கும் சாவடி. மரத்தூண்களின் மேல் கூரை வேய்ந்த பழைய அம்பலமங்களை அந்நாட்டு ஊர்ப்புறங்களில் இன்றும் காணலாம். லாட்ஜ் என்ற ஒரு சொல்லின் கிளைகளாக ஐரோப்பாவில் பரவிக் கிடந்த தங்குமிடம், சங்கத்தார் கோயில் என்று அழைத்த கூடம், நாடக மாடம் ஆகிய அத்தனையும் நம் கடற்கரை மொழிகள் மூன்றுக்குள் அம்பலம் என்ற ஒரே பெயரில் குடியிருக்கின்றன. இதற்கு மேல் ஒரு பொருளும் உண்டு. அதுதான் என்னைத் துள்ளவைத்தது. மறைவாக இருந்தது வெளிப்பட்டால் 'அம்பலமாயிற்று' என்கிறோம். கதவு சாத்திக்கொண்டு மறைமொழி பேசிய கூடம், கதவைத் திறந்து ஊரைக் கூட்டி ஆடல் பாடல் வைத்தால், அது அம்பலமானது என்று சொன்னால் போதும். பெயரும் அதுவே, வினையும் அதுவே.

நண்பரைக் கூப்பிட்டுச் சொன்னேன். அவர் சற்று யோசித்துவிட்டு, "அம்பலமாச்சுன்னு போட்டா ஏதோ ஊழல்னு நினைப்பாங்களே" என்றார். நினைக்கட்டும், இரண்டாம் பத்தி வரை படிப்பார்கள் என்றேன். அவர் இன்னும் முடிவு செய்யவில்லை.

அந்த ஷேர் ஆட்டோவில் இன்னொருவரும் இருந்தார், சொல்ல விட்டுவிட்டேன். ஈரக்கூந்தலின் நுனியில் முடிச்சிட்டுத் துளசி செருகியிருந்த பாலக்காட்டுப் பக்கத்து அம்மா. சபா, சபை இரண்டுக்கும் தலையாட்டி முடித்த ஓட்டுநர் அவரைப் பார்த்ததும், அவர், "அம்பலத்துக்கு" என்றார். ஓட்டுநர் அப்போதுதான் முதன்முறையாக எஞ்சினை நிறுத்திவிட்டுத் திரும்பினார். "அது எங்கம்மா இருக்கு?"

"ஐயப்பன் கோயில்ப்பா, நீ வண்டியை எடு, எனக்கு அஞ்சு மணிக்கு வர்ணம்" என்றார் மாமி.